மண்டைக் கொழுப்பு

உங்களைப் பார்த்து யாராவது “மண்டைக் கொழுப்பு” என்று திட்டினால் இனிமேல் சண்டைக்குப் போகாதீர்கள். “ஆமா சார், கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்க” என்று கைகுலுக்கிவிட்டு வாருங்கள். திட்டியவர் அரண்டுபோய் இரண்டு நாளைக்குத் தூங்கமாட்டார். அது போனஸ்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூளையில் இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு மீதியை நிறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கொழுப்புதான். உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், நோபல் பரிசு வாங்கினவருக்கும் அப்படித்தான். கொழுப்பு இல்லாத மண்டை வேலைக்கு ஆகாது.

மூளையைக் குறுக்கே நறுக்கினால் இரண்டு கலர் தெரியும். வெளி ஓரமாக, மடிப்பு மடிப்பாக, ஒரு தோசை கனத்துக்குச் சாம்பல் நிறம். உள்ளே வெள்ளை. சாம்பலில் நரம்பு செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி வேறு இடங்களுக்குப் போகிற இழைகள்தான் வெள்ளை. பெரும்பாலான இழைகளின் மேல் மயலின் என்று ஒரு கொழுப்பு உறை சுற்றியிருக்கும். அதனால்தான் அந்த நிறம். மயலின் என்று 1854-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ.

கரண்ட் வயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி வினாடிக்கு ஒரு மீட்டர் போல நகரும். மாட்டுவண்டி. உறை போட்ட தடித்த இழையில் வினாடிக்கு நூறு மீட்டர் வரை பறக்கும். மணிக்கு 360 கிலோமீட்டர்! நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ் கனவில்கூட அந்த வேகம் போனதில்லை.

சரி, இந்த வயரெல்லாம் எவ்வளவு நீளம்? டென்மார்க்கில் சிலர் பொறுமையாகக் கணக்குப் போட்டு 2003-ல் வெளியிட்டார்கள். 20 வயது ஆணின் மூளையில் உறை போட்ட இழைகளை எல்லாம் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக முடிச்சுப் போட்டால் சுமார் 1,76,000 கிலோமீட்டர். பெண்ணுக்குச் சுமார் 1,49,000. (ஆண்கள் உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸுக்குத்தான் கிலோமீட்டர் அதிகம்.) பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 40,000 கிலோமீட்டர் போதும்.

இருபது வயதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம் வீதம் இந்த நீளம் குறைந்துகொண்டே போகிறது, எண்பது வயதில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பி.காம். படித்த நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்: டிப்ரிஸியேஷன் பத்து சதவீதம், ரிட்டன் டவுன் வேல்யூ மெத்தட். கடவுளும் நம்ம டிபார்ட்மென்ட்தான்.

ஆனால் இத்தனை லட்சம் கிலோமீட்டருக்கு ரோடு போட்டவர் ஒரு மேப் கொடுத்தாரா என்றால், இல்லை.

* * *

“ஒனக்கெதுக்குப்பா மூளை பத்தின ஆராய்ச்சி?” என்று நண்பர் கேட்டார். கேள்வியில் உள்குத்து இருக்கிறது. இருந்தாலும் பதில் சொல்கிறேன். என் அத்தைக்காக.

அத்தைக்கு ஊர் முக்கூடல். நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் போனவர்களுக்குத் தெரியும், திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நனைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளைப் போட்டு, ஒரு உருட்டு உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்கினால் ஒரு பீடி. இப்படி நாளைக்கு ஆயிரம். அத்தை சுளகைக் குனிந்தே பார்க்கமாட்டாள். கண் டி.வி.யில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டே போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வலது கை நின்றுவிட்டது. நூலைச் சுற்றப் போன விரல் பாதியில் நின்றது. “கை தூங்கிட்டு போல” என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “வாயுப் பிடிப்பு” என்று தைலத்தோடு வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்புறம்தான் கார் பிடித்து திருநெல்வேலிக்கு ஓட்டம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவ்வளவு பெரிய மூளையில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி. “இத்தனூண்டுதானா?” என்றேன், நிம்மதியோடு.

“அளவைப் பாக்காதீங்க சார். இடத்தைப் பாருங்க” என்றார்.

மூளையின் மேல்தட்டில், காது உயரத்திலிருந்து உச்சிவரை, ஒரு பட்டை மாதிரி ஓடுகிறது உடம்பை அசைக்கிற பகுதி. கைக்கு ஒரு இடம், காலுக்கு ஒரு இடம், வாய்க்கு ஒரு இடம். அங்கிருந்து கிளம்பும் இழைகள் விசிறி மடங்குகிற மாதிரி கீழே இறங்கி, இன்டர்னல் கேப்சூல் என்ற ஒரு சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. அதற்கும் கீழே, கழுத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலானவை இடம்வலம் மாறி முதுகுத்தண்டுக்குள் போகின்றன. அதனால்தான் இடது மூளையில் அடைப்பு வந்தால் வலது கை விழுகிறது.

எனக்கு அரியநாயகிபுரம் அணைக்கட்டு ஞாபகம் வந்தது. கோடகன் கால்வாய் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நடுவயலில் ஒரு வாய்க்கால் உடைந்தால் ஒருத்தர் வயல் காயும். தலைமடையில் ஷட்டர் மாட்டிக்கொண்டால்? டவுன் வரைக்கும் வயலெல்லாம் காய வேண்டியதுதான். அத்தைக்கு அடைத்தது தலைமடை. கையை அசைக்கிற மூளைச் செல்கள் எல்லாம் மேலே பத்திரமாக இருக்கின்றன. ‘மடக்கு, சுற்று, இறுக்கு’ என்று உத்தரவு போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. தபால் போய்ச் சேரவில்லை.

(இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் தைலம் தேடக்கூடாது, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரியைத் தேடவேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். சீக்கிரம் போட்டால் பலன் அதிகம். எப்போது ஆரம்பித்தது என்று மணியைப் பார்த்து வையுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.)

* * *

ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம், ரோடுகளை மறந்துவிடுகிறோம். இந்தத் தப்பை மருத்துவ உலகமே வெகுகாலம் செய்தது.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் “டான்” என்று மட்டும்தான் சொல்வார். மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்தது. சில நாளில் இறந்து போனார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றிப் பக்கத்தில் ஒரு பள்ளம். ‘பேச்சின் இடம் இதுதான்’ என்று முடிவானது. இன்றைக்கும் அதற்கு புரோக்கா பகுதி என்றுதான் பெயர்.

அந்த மூளையைத் தூக்கி எறியாமல் பாரிஸ் மியூசியத்தில் வைத்திருந்தார்கள். 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். செத்து 146 வருஷம் கழித்து ஸ்கேன்! பார்த்தால், சேதம் மேலோடு நிற்கவில்லை. உள்ளே ஆழத்தில், முன்மூளையையும் பின்மூளையையும் இணைக்கிற வெள்ளை நரம்புக் கற்றைவரை போயிருந்தது. பேச்சு போனதில் ஊருக்கு எவ்வளவு பங்கோ, ரோட்டுக்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்கலாம்.

ரோட்டைத் தேடியவர்களும் இருந்தார்கள். 1930-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜோசஃப் கிளிங்லர் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உடற்கூறு கூடத்தில் மூளைகளைப் பதப்படுத்தித் தருவது அவர் வேலை. ஃபார்மலினில் ஊறிய மூளையை உறையவைத்தார். இழைகளுக்கு நடுவே தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து, ஒட்டிக்கொண்டிருந்த இழைகளைப் பிரித்துவிட்டது. உருகினபின் மழுங்கின மரக்குச்சியால் மெல்ல உரித்தால் கற்றை கற்றையாக வந்தது.

நம்ம பூக்காரம்மாக்கள் செய்கிற காரியம்தான். வாழைமட்டையை ஊறப்போட்டு நார் கிழிக்கிறார்களே, அதே கைப்பக்குவம். கிளிங்லர் முறையில் இன்றைக்கும் நரம்பியல் சர்ஜன்கள் பயிற்சி எடுக்கிறார்கள். ஒரே ஒரு சின்னக் குறை. மூளைக்குச் சொந்தக்காரர் இறந்துபோயிருக்க வேண்டும்.

* * *

உயிரோடு இருக்கிறவரின் மண்டைக்குள் எப்படி நார் கிழிப்பது?

இதற்கு விடை தண்ணீரில் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதே சொட்டை வாழைமட்டையில் விட்டுப் பாருங்கள். நார் ஓடுகிற திசையில்தான் நீளமாக இழுக்கும், குறுக்கே அவ்வளவாகப் போகாது. மூளையின் வெள்ளைப் பகுதியில் இருக்கிற தண்ணீரும் அப்படித்தான். இழையின் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்குவாக்கில் சிரமப்படும். எம்.ஆர்.ஐ. மெஷினால் இந்த நகர்தலை அளக்க முடியும். இடத்துக்கு இடம் தண்ணீர் எந்தத் திசையில் அதிகமாக அலைகிறது என்பதை ஒரு கணக்காக மாற்றி 1994-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் பீட்டர் பாசரும் அவரோடு வேலை செய்தவர்களும். ‘டிஃப்யூஷன் டென்ஸர் இமேஜிங்’ என்று பெயர். ஐந்து வருஷத்துக்குள் அந்தத் திசைகளைக் கோர்த்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று தலைமுடியை விரித்துப் போட்ட மாதிரி ஒரு மூளைப் படம். உள்ளே அப்படிக் கலர் கலராக எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அடித்த பெயின்ட். இடம்வலமாகப் போனால் சிவப்பு, முன்பின்னாகப் போனால் பச்சை, மேல்கீழாகப் போனால் நீலம். அத்தையின் கையை அசைக்கிற கற்றை பெரும்பாலும் நீலம்.

இந்த மெஷின் இழையைப் பார்ப்பதில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு இழையை ஊகிக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு மைலுக்கு ஒரு தடவை ஆற்றில் கையை விட்டு ‘இங்கே இந்தப் பக்கம், இங்கே அந்தப் பக்கம்’ என்று குறித்துவைத்து, பொதிகை மலையிலிருந்து புன்னக்காயல் வரைக்கும் தாமிரபரணியைப் படமாக வரைகிற மாதிரி. நேராக ஓடுகிற இடத்தில் பிரச்னை இல்லை.

பிரச்னை, முக்கூடலில்.

எங்கள் பக்கத்தில் ஆறுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே வரும். ஜம்பு நதி ராமா நதியில் சேரும், ராமா நதி கடனா நதியில் சேரும், கடனா நதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியில் சேரும். அங்கே ஒரு செம்பு தண்ணீரை மொண்டு, இதில் எந்தச் சொட்டு எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்டால் தண்ணீர் சிரிக்கும். போதாக்குறைக்கு முக்கூடலே இரண்டு. ‘முக்கூடற்பள்ளு’ பாடிய முக்கூடல், சிற்றாறும் கயத்தாறும் தாமிரபரணியோடு கலக்கிற சீவலப்பேரிப் பக்கம் இருந்தது. எங்கள் முக்கூடல் அதற்கு மேற்கே, வேறு ஊர். பள்ளு படித்துவிட்டு பஸ் ஏறி எங்கள் ஊரில் வந்து இறங்கி, பள்ளர் பண்ணை எங்கே என்று தேடின தமிழ் எம்.ஏ.க்கள் உண்டு என்று அத்தை சொல்வாள். அத்தை சொல்வதில் பத்து சதவீதம் டிப்ரிஸியேஷன் போட்டுக்கொள்ளவும்.

மூளைக்குள் இந்தக் கூடல்கள் எத்தனை? மெஷின் பார்க்கிற ஒரு கட்டம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அதற்குள்ளேயே லட்சக்கணக்கான இழைகள். 2013-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு கணக்கிட்டதில், வெள்ளைப் பகுதியின் கட்டங்களில் 60 முதல் 90 சதவீதம் வரை ஒன்றுக்கு மேற்பட்ட திசையில் இழைகள் ஓடின. இரண்டு ரோடு குறுக்கே வெட்டிக்கொள்கிறதா, உரசிவிட்டுத் திரும்புகிறதா, ஒன்றாகக் கலந்து பிரிகிறதா? மெஷினுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இன்னொன்று, தண்ணீர் இரண்டு பக்கமும் அலையும். அதனால் அது போகிற ரோடா, வருகிற ரோடா என்பதும் தெரியாது.

இதை ஒரு போட்டி வைத்தே பார்த்துவிட்டார்கள். 25 ரோடுகள் எங்கெங்கே போகின்றன என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு டூப்ளிகேட் மூளையைக் கம்ப்யூட்டரில் செய்து, அதன் ஸ்கேனை மட்டும் கொடுத்து ‘மேப் போடுங்கள்’ என்றார்கள். 20 ஆராய்ச்சிக் குழுக்கள், 96 விடைத்தாள்கள். ரிசல்ட் 2017-ல் வந்தது. இருக்கிற ரோடுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சபாஷ். கூடவே, இல்லாத ரோடுகளையும் போட்டிருந்தார்கள். இருப்பதைவிட இல்லாதது அதிகம்! காகிதத்தில் இருக்கிற ரோடு தரையில் இல்லாமல் போவது நமக்குப் புதுசா என்ன? ஒரே வித்தியாசம், இதில் யாரும் பில் போடவில்லை.

வான் வெடீன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தன் குழுவோடு 2012-ல், ‘குழப்பமே இல்லை, இழைகள் எல்லாம் பாவும் ஊடும் மாதிரி நேர்க்குறுக்காக நெய்திருக்கின்றன’ என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அதாவது, நம்ம பத்தமடைப் பாய். கேட்கவே அழகாக இருந்தது. அதே வருஷம் வேறு சிலர், ‘பாய் மூளையில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது’ என்று பதில் எழுதினார்கள். மேப் போடுகிறவர்கள் பாயில் சுருண்டு படுக்கமுடியாமல் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

* * *

‘அப்புறம் எதுக்குய்யா இந்த மேப்?’ என்று கேட்பீர்கள். குறை இருந்தாலும் அது உயிர் காக்கிற மேப். மூளையில் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியை எடுக்கலாம். பேச்சுக்கான கற்றை கட்டிக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறதா, நடுவிலேயே புகுந்து போகிறதா? கத்தி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால், பிழைத்து எழுகிற ஆள் தன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லமுடியாமல் போகலாம். இந்த மேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில சமயம் நோயாளியை விழிக்கவைத்துப் பேசவிட்டுக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. பேச்சு குழறினால் கத்தி நிற்கும். மேப் சொல்வதை வாய் சரிபார்க்கிறது. கணக்கு படித்தவர்கள் இதை ஆடிட்டிங் என்போம்.

பக்கவாதத்தில், கைக்குப் போகிற கற்றையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, கை எவ்வளவு திரும்பும் என்று ஓரளவு ஊகிக்கிறார்கள். அத்தைக்கு யாரும் அந்த மேப் போடவில்லை. சாதாரண ஸ்கேனில் பள்ளம் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. பிசியோதெரபி பையன் ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, “அமுக்குங்க பாட்டி” என்றான்.

“பந்து வெளையாடுத வயசால எனக்கு? அந்தச் சுளக எடு” என்றாள் அத்தை.

இலை கிடையாது, தூள் கிடையாது. பழைய நோட்டுப் பேப்பரைச் சதுரமாக வெட்டிவைத்துக்கொண்டு, இடது கையால் வலது கை விரல்களைப் பிடித்துப் பிடித்து உருட்டினாள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். “சவம், சொன்னா கேக்க மாட்டக்கு. என் கைதானால இது?” என்று திட்டிக்கொண்டே உருட்டினாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு செய்தி. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 24 பேருக்கு, பந்துகளைத் தூக்கிப்போட்டு மாற்றி மாற்றிப் பிடிக்கிற வித்தையை ஆறு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்ததில் அவர்களுடைய வெள்ளைப் பகுதியில், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கிற பாதைக்குப் பக்கத்தில், மாற்றம் தெரிந்தது. வளர்ந்தவர்கள் மூளையிலும் ரோடு வேலை நடக்கிறது! அவர்கள் ஆரோக்கியமானவர்கள், அத்தை நோயாளி. இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது. ஆனாலும் ஆறு வாரம் பந்து பிடித்ததற்கே இப்படி என்றால், நாற்பது வருஷம் நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றின மண்டைக்குள் அந்தக் கைக்கு எப்படிப்பட்ட ராஜபாட்டை இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதை யாரும் அளக்கவில்லை. பீடிக் கடைப் பாஸ்புக்கில் எண்ணிக்கை மட்டும்தான் ஏறும்.

இப்போது அத்தையால் அந்தக் கையில் டீ டம்ளர் பிடிக்க முடிகிறது. பேப்பரை உருட்ட வருகிறது. முனையை மடக்க வருகிறது. நூல் மட்டும் சுற்ற வரவில்லை. அந்த இழைகள் போனது போனதுதான் போலிருக்கிறது.

* * *

ஊகத்தைச் சரிபார்க்க ஒரே வழி, நிஜ மூளையை நறுக்கிப் பார்ப்பது. அந்த வேலை சென்னையில் நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2022-ல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் அவர் மனைவி சுதாவும் நிதி கொடுத்தார்கள். தலைமை, பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். மூளையை முழுசாக உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றையும் செல் செல்லாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, மறுபடி கம்ப்யூட்டரில் அடுக்குகிறார்கள்.

2024 டிசம்பரில் ‘தரணி’ என்று ஒரு அட்லஸ் வெளியிட்டார்கள். கருவில் நடு மாதங்களில் இருக்கும் சிசுவின் மூளை, 5,132 சீவல்களில். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் மயலின் பூசாத, ரோடு போட ஜல்லி கொட்டிக்கொண்டிருக்கிற பருவம் அது. ரோடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தப்பாகப் போகிறது என்று தெரியும்.

5,132 என்ற எண்ணைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு முடியவில்லை. பிறக்காமல் போன குழந்தைகள். எங்கேயோ சில அம்மா அப்பாக்கள், அழுகைக்கு நடுவில், சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். இந்த மேப்பின் முதல் கையெழுத்து அவர்களுடையது. பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995-லிருந்து ஒரு மூளை வங்கி இருக்கிறது. அங்கேயும் அப்படித்தான். மெஷின் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், குடும்பத்தார் சம்மதித்துக் கொடுக்காமல் மூளை வராது. கண் தானம் நமக்குப் பழகிவிட்டது. மூளை தானம் என்றால் இன்னும் ஒரு மாதிரி பார்க்கிறோம்.

இதையெல்லாம் போன மாதம் அத்தையிடம் சொன்னேன். பேப்பரை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்பம் உள்ள அந்த வழி அந்துபோன எடத்தக் கண்ணால பாத்துருவாவளோ?”

“பாக்கலாம் அத்த. ஆனா உசிரு போன பொறவுதான்.”

“பொறவு பாத்து எனக்கென்ன ஆவப்போவுது?” என்றாள். கொஞ்ச நேரம் உருட்டினாள். பேப்பர் பிரிந்துகொண்டது. மறுபடி எடுத்தாள்.

“ஏல, எதுத்த வீட்டு மகேசும் பீடிதான சுத்துதா. அவளுக்கு வயசு முப்பதுதான். நாளைக்கு அவளுக்குக் கை விழுந்தா, டாக்டருமாரு என் மண்டையப் பாத்து வச்சிருந்தா ஒரு வழி தெரியுமால்லா?”

“தெரியலாம் அத்த.”

“அப்பம் எழுதிக் கொடுத்துரு” என்றவள், உடனே நிமிர்ந்து, “ஆனா பெங்களூருக்கு ரயில்ல கூட்டத்துல வச்சுக் கொண்டு போவாதீக. ஏ.சி. பொட்டில போடணும், கேட்டியா?” என்றாள்.